பர்மா வரலாற்றாசிரியர் பெற்ற விண்வெளிச் சிறுமி

1967-இல் மாஸ்கோவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நடந்த கதை இது. ‘இஸ்காத்தெல்’ என்று சாகசக் கதைகளும் அறிவியல் புனைகதைகளும் போடும் இதழ். அச்சுக்குப் போகிற கடைசி நேரத்தில், வரவேண்டிய ஒரு வெளிநாட்டுக் கதையைத் தணிக்கைக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். கதையைத் தூக்கலாம், அட்டையை என்ன செய்வது? அது ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது, அதில் கண்ணாடிச் சாடிக்குள் ஒரு குட்டி டைனோசர். சரி, அந்தப் படத்துக்குப் பொருந்துகிற மாதிரி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கதை எழுதிவிடுவோம் என்று இதழோடு தொடர்புடையவர்கள் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார்கள். மறுநாள் தேர்வானது ‘டைனோசர்கள் எப்போது அழிந்தன?’ என்ற கதை. எழுதியவர் கீர் புலிச்சோவ். அவரே பின்னாளில் சொன்ன சம்பவம் இது, சோவியத் அறிவியல் புனைகதை ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனால் கீர் புலிச்சோவ் என்று ஒருவர் அந்த ஊரில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கதையை எழுதியவர் இகோர் மொஜெய்கோ. மாஸ்கோவின் கீழ்த்திசையியல் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர், துறை பர்மாவின் வரலாறு. குழந்தைகளுக்கு வேற்றுக்கிரகக் கதை எழுதுகிறார் என்று நிறுவனத்துக்குத் தெரிந்தால், ஆராய்ச்சியை விட்டுவிட்டு இந்த வேலை பார்க்கிறாரா என்று கேட்டு வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதனால் மனைவி கீராவின் பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரான புலிச்சோவாவையும் சேர்த்து ஓர் ஆளை உண்டாக்கினார். முழுப்பெயர் கிரீல் புலிச்சோவ். அட்டையில் ‘கீர்.’ என்று சுருக்கிப் புள்ளி வைத்துப் போட்டார்கள், அப்புறம் அந்தப் புள்ளி காணாமல் போய் ‘கீர்’ என்பதே நிலைத்துவிட்டது. 1982 வரைக்கும் ஊருக்கு இரண்டு பேர், வீட்டுக்கு ஒருவர்.

குழந்தைகளுக்கு எழுதுவதைப் பெரிய எழுத்துக்கு முந்தைய பயிற்சியாகவோ, பெரிய எழுத்து கைவராதவர்கள் ஒதுங்கும் இடமாகவோ பார்க்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. புலிச்சோவைப் பற்றிப் பேசுகிறவர்களும் வரலாற்று ஆராய்ச்சியை ஒரு பக்கமும் குழந்தைக் கதைகளை இன்னொரு பக்கமும் வைத்து, ஒன்று உத்தியோகம் இன்னொன்று பொழுதுபோக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அது சுத்தமாக ஒப்பவில்லை. அந்த மனிதர் பர்மாவையும் பழைய கப்பல் கொள்ளையர்களையும் படித்த அதே தலையோடுதான் தன் கதைகளின் நாயகியான விண்வெளிச் சிறுமி அலீசாவை எழுதினார், அதனால்தான் அந்தக் கதைகள் இத்தனை உயிரோடு இருக்கின்றன.

அவர் பிறந்தது 1934 அக்டோபர் 18, மாஸ்கோவில். அப்பா குடும்பத்தைவிட்டுப் பிரிந்துபோனபோது பையனுக்கு ஐந்து வயது. அம்மா மறுமணம் செய்துகொண்டவரோ போர் முடிகிற கடைசி நாட்களில் களத்தில் இறந்துபோனார். 1957-இல் மாஸ்கோவின் அயல்மொழிகள் கல்வி நிறுவனத்தில் படிப்பை முடித்ததும் அவரைப் பர்மாவுக்கு அனுப்பினார்கள், சோவியத் உதவியோடு நடந்த கட்டுமானப் பணியில் மொழிபெயர்ப்பாளராக, கூடவே செய்தியாளராகவும். ரங்கூன் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குத் தேக்கும், வட்டிக்கடையும், 1942-இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டு வழியாக நடந்து வந்தவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். இவர் போனபோது அந்த நாடு விடுதலை பெற்று பத்து வருடம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன், ஸ்டாலின் காலத்து மாஸ்கோவில் வளர்ந்தவன், திடீரென்று பௌத்த விகாரைகளுக்கும் சந்தைகளுக்கும் நடுவே போய் நிற்கிறான். சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள், அந்நியன் அவன் ஒருவன்தான். அந்த நிலை அவரை விட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து கீழ்த்திசையியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1965-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாகான் அரசைப் பற்றிய ஆய்வேட்டை அந்த வருடம்தான் முடித்தார். பதினொன்றாம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை ஐராவதிக் கரையில் ஆண்ட அந்த அரசைத்தான் ஆயிரக்கணக்கான கோயில்களுக்காக இன்றும் உலகம் போய்ப் பார்க்கிறது. அதே வருடம் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானின் வாழ்க்கை வரலாறு அவர் எழுதி வெளியானது. அதே வருடம் ‘எதுவும் ஆகாத சிறுமி’ என்ற குழந்தைக் கதைக்கொத்தும் வந்தது, அலீசா செலஸ்னியோவா உலகத்துக்கு அறிமுகமானது அதில்தான். பர்மிய எழுத்தாளர் ஒருவரின் கதையை மொழிபெயர்த்ததாகச் சொல்லி, உண்மையில் தானே எழுதிய ‘விருந்தோம்பும் கடமை’ என்ற அறிவியல் புனைகதையும் அந்த வருடத்துச் சரக்குதான். ஆராய்ச்சி, வரலாறு, புனைகதை, குழந்தைக் கதை எல்லாம் ஒரே மேசையில் இருந்து வந்தவை, இதில் எதை உத்தியோகம் என்பது, எதைப் பொழுதுபோக்கு என்பது?

அலீசா என்ற பெயர் அவருடைய மகளின் பெயர். 1960-இல் பிறந்தவள். அவளுக்காக எழுத ஆரம்பித்த கதைகளில் அலீசா இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மாஸ்கோவில் வாழ்கிற சிறுமி, அப்பா பேராசிரியர் செலஸ்னியோவ் விண்வெளி விலங்குகளுக்கான காட்சிசாலையின் இயக்குநர். முதல் கதைகளை எல்லாம் அந்த அப்பாதான் சொல்கிறார். நாளைக்கு மகள் பள்ளிக்கூடம் போகப்போகிறாள், அதற்கு முன்னால் அவளைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன் என்று தொடங்குகிற குரல். ராத்திரி தூங்காமல் அடம்பிடிக்கிறாள், பாபா யாகா என்ற சூனியக்கிழவியைக் கூப்பிட்டுவிடுவேன் என்று அப்பா படம் தெரியும் தொலைபேசியில் ஏதோ ஓர் எண்ணைச் சுழற்றுகிறார், திரையில் செவ்வாய்க்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். பிள்ளையை மிரட்டுகிற எல்லா அப்பாக்களும் செய்கிற காரியம்தான், என்ன, எதிர்காலத்தில் அந்த மிரட்டலுக்கு யாராவது நிஜமாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

என்னை மிகவும் பாதித்தது ‘காணாமல் போன விருந்தாளிகள்’. தூரத்துக் கிரகத்திலிருந்து முதன்முதலாக விருந்தாளிகள் வருகிறார்கள். மாஸ்கோவே வரவேற்புக்குத் தயாராகிறது. வந்து இறங்கினார்கள் என்று தெரிகிறது, ஆளைக் காணோம். எல்லோரும் தேடுகிறார்கள். அலீசா காட்டில் ஸ்டிராபெரி பறித்துக்கொண்டு வந்து ஏதோ சொல்ல முயல்கிறாள், யாரும் காது கொடுக்கவில்லை, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்கிறார்கள். விருந்தாளிகள் அவளுடைய கூடையில் பழங்களுக்கு நடுவே இருக்கிறார்கள், அவ்வளவு சின்ன உருவம். தங்கள் அளவில்தான் எல்லோரும் வருவார்கள் என்று பெரியவர்கள் எதிர்பார்த்ததுதான் சிக்கல். குழந்தைக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை. சின்னவர்களைச் சின்னவர்கள் உடனே கண்டுகொண்டார்கள்.

அதற்கு முன்னால் சோவியத் நாட்டில் பிள்ளைகளுக்கு வந்த அறிவியல் புனைகதைகளில் பெரும்பகுதி இயந்திரங்களை விளக்குகிற பாடமாக இருந்தது. ஒரு பொறியாளர் மாமா வருவார், ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று மூன்று பக்கம் சொல்வார், பையன்கள் வாய்பிளந்து கேட்பார்கள். புலிச்சோவிடம் ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அது பறக்கிறது, நமக்கு மின்சார ரயில் எப்படியோ அப்படி. அவருக்கு வேண்டியது அதில் ஏறி வந்தவர் யார், அவருக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது, அவர் எதற்காக முகம் சுளித்தார் என்பதுதான். அலீசா கதைகளை வரிசையாகப் படித்தால் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள், அல்லது அலீசா யார் வீட்டுக்காவது போய்க்கொண்டே இருக்கிறாள். காட்சிசாலை விலங்குகளைக்கூட அவர் அப்படித்தான் எழுதுகிறார். சாப்பிட மறுக்கிற பிரண்டோசரஸ் குட்டியை வல்லுநர்கள் சுற்றி நின்று பார்த்துக் கவலைப்படுகிறார்கள், அலீசா உள்ளே போய்விடுகிறாள், அது அவள் கையிலிருந்து சாப்பிடுகிறது. அயல்நாட்டில் விருந்தாளியாக இரண்டு வருடம் இருந்து, அந்த ஊர் மொழியையும் சாப்பாட்டையும் தெய்வத்தையும் மரியாதையோடு கற்றுக்கொண்டவருக்குத்தான் இந்த வகைப் பார்வை வரும்.

அடுத்தது ‘அலீசாவின் பயணம்’, 1974. அப்பாவும் மகளும் காட்சிசாலைக்கு விலங்கு சேர்க்கக் கப்பலில் கிரகம் கிரகமாகப் போகிறார்கள். கப்பல் மெக்கானிக் ஸெலியோனிக்கு எப்போதும் ஏதாவது கெட்டது நடக்கப்போகிறது என்ற கவலை. யானை மாதிரிப் பெருத்த உடம்பும் பல கைகளும் கொண்ட தொல்லியலாளர் குரோமோசெக்கா, மனசுக்குத் தாங்காமல் அடிக்கடி கண்ணீர் விடுகிறவர். கேட்டதையெல்லாம் நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் பேசும் பறவை, மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் பிராணி, தண்ணீர் கேட்டு ஊர்வலமாக நடந்துவரும் புதர்கள். துரத்தி வருகிறவர்கள் இரண்டு விண்வெளிக் கொள்ளையர்கள்: குண்டான, எப்போதும் சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற ஒருவன், இன்னொருவன் எலி என்று பெயர் கொண்டவன், எந்த உருவத்துக்கும் மாறுகிறவன்.

இந்தக் கொள்ளையர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அலீசாவின் பயணத்துக்கு இரண்டு வருடம் முன்னால், 1972-இல், இகோர் மொஜெய்கோ என்ற வரலாற்றாசிரியர் இந்தியப் பெருங்கடலின் கொள்ளையர்களையும் கடற்படைச் சூறையாளர்களையும் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருந்தார். யார் எந்தக் கொடியின் கீழ் கொள்ளையடித்தார்கள், எந்த அரசு யாருக்கு மறைவாக உதவியது என்றெல்லாம் ஆவணங்களோடு. அதைப் படித்துவிட்டு அலீசா கதைக்கு வந்தால் விண்வெளி ஒரு பெரிய கடலாகவும், ஒவ்வொரு கிரகமும் ஒரு துறைமுகமாகவும், சந்தைகள் நிறைந்த வியாபாரப் பாதையாகவும் தெரிகிறது. புலிச்சோவின் விண்வெளியில் வெற்றிடம் என்ற உணர்வே வருவதில்லை, எங்கே போனாலும் ஆட்கள், பேரம், வதந்தி, பழைய பகை. இது பௌதீகம் தெரிந்தவரின் விண்வெளி இல்லை, கடல் வணிக வரலாறு படித்தவரின் விண்வெளி. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த விஷயம்.

‘அலீசாவின் பிறந்தநாள்’ என்ற கதையில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. கொலேய்தா என்ற கிரகத்தில் குரோமோசெக்காவின் குழு அகழாய்வு செய்கிறது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் விண்வெளியிலிருந்து வந்த ஒரு கொள்ளைநோயில் செத்துப்போனவர்கள், அந்த நோயைக் கொண்டுவந்தது அவர்களுடைய சொந்த முதல் விண்கலம். பிறந்தநாள் பரிசாக அகழாய்வைப் பார்க்க வந்த அலீசா, காலத்தில் பின்னோக்கிப் போய் அந்தக் கப்பல் இறங்கும் இடத்தில் நோயைத் தடுக்க வேண்டும். சாகச கதைதான். ஆனால் இடிந்துபோன ஒரு நகரத்தை வருடக்கணக்காகப் படிக்கிற ஆராய்ச்சியாளன் ஒருவனுக்கு, ஒரே ஒரு முறை உள்ளே போய், விளக்கு எரிகிற வீதியைப் பார்த்து, முடிந்தால் அவர்களைக் காப்பாற்றிவிட்டு வர வேண்டும் என்று எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! பாகானைப் படித்தவர் கொலேய்தாவை எழுதினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் நான் காட்ட முடியாது, படிக்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது, நிச்சயமாகத் தோன்றுகிறது.

1981-இல் அலீசாவின் பயணத்தை ‘மூன்றாம் கிரகத்தின் ரகசியம்’ என்ற பெயரில் சோயுஸ்முல்த்ஃபில்ம் என்ற சோவியத் படநிறுவனம் அனிமேஷன் படமாக எடுத்தது. இயக்கம் ரோமன் கச்சானோவ், திரைக்கதை புலிச்சோவ். ஓவியர் நத்தாலியா ஒர்லோவா தன் மகளைப் பார்த்து அலீசாவையும் கணவரைப் பார்த்து, படத்தில் கப்பல் தலைவராக வரும் ஸெலியோனியையும் வரைந்தாராம். நான் புலிச்சோவிடம் வந்து சேர்ந்தது இந்தப் படம் வழியாகத்தான், துணை எழுத்துகளோடு பார்த்தேன். அந்த நிறங்களும், வினோதமான மௌனங்களும், நிதானமும் இப்போது வருகிற எந்தக் குழந்தைப் படத்திலும் இல்லை. ஐம்பது நிமிடத்துக்குக் குறைவான படம், ஆனால் ஓர் இடத்திலும் அவசரப்படுத்தாது.

இந்தப் படத்துக்கும், ரிச்சர்ட் விக்தரோவ் இயக்கிய ‘முட்களைத் தாண்டி விண்மீன்களுக்கு’ படத்துக்கும் எழுதிய திரைக்கதைகளுக்காக 1982-இல் அவருக்குச் சோவியத் அரசு விருது கொடுத்தார்கள். விருது என்றால் உண்மைப் பெயர் வெளியே வந்தாக வேண்டும். மொஜெய்கோதான் புலிச்சோவ் என்று நாடே தெரிந்துகொண்டது. பயந்தபடி வேலை எதுவும் போகவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பர்மாவில் பௌத்த சங்கத்துக்கும் அரசுக்கும் இருந்த உறவு பற்றி முனைவர் பட்டத்துக்கு மேலான ஆய்வேட்டை அவர் முடித்திருந்தார், ஆராய்ச்சியை விட்டுவிட்டார் என்று யார் சொல்ல முடியும்?

அப்புறம் 1985. ‘எதிர்காலத்திலிருந்து வந்த விருந்தாளி’ என்ற ஐந்து பகுதிப் படம், பாவெல் அர்செனோவ் இயக்கியது, மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் தொலைக்காட்சியில் வந்தது. 1978-இல் வந்த ‘நூறு வருடம் முன்னோக்கி’ என்ற நாவல்தான் மூலம். கோல்யா என்ற பள்ளிப் பையன் ஒரு பாழடைந்த வீட்டின் நிலவறையில் கால இயந்திரத்தைப் பார்த்து எதிர்காலத்துக்குப் போய்விடுகிறான், மனசில் நினைப்பதைக் கேட்கும் மியெலோஃபோன் என்ற கருவி கொள்ளையர்கள் கையில் சிக்கக்கூடாதே என்று அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுகிறான். அதைத் தேடி அலீசா அவனுடைய காலத்துக்கு வந்து அவன் வகுப்பிலேயே சேர்கிறாள். வகுப்பில் மூன்று கோல்யாக்கள், எந்தக் கோல்யா என்று அவளுக்குத் தெரியாது. அலீசாவாக நடித்த நத்தாஷா கூசெவாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து பையன்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். அவர் நடிகையாகத் தொடராமல் உயிரியல் பக்கம் போய்விட்டார், விலங்குகளோடும் விஞ்ஞானிகளோடும் வளர்ந்த அலீசாவுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் நடித்திருக்க முடியும்? படத்தின் கடைசியில் அலீசா வகுப்பில் ஒவ்வொருவரையும் பார்த்து நீ பெரியவனானதும் இன்னவாக ஆவாய் என்று சொல்கிறாள். அந்தக் காட்சியை 1985-இல் பார்த்த பிள்ளைகளுக்கு, அவர்கள் வாழ்ந்த நாடே அடுத்த ஆறு வருடத்தில் இல்லாமல் போயிற்று. அந்தத் தலைமுறை ரஷ்யர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது குரல் ஏன் தழுதழுக்கிறது என்று எனக்கு இதை யோசித்த பிறகுதான் புரிந்தது.

அவர் இனிப்பு மட்டும் எழுதியவர் இல்லை. ‘குடியிருப்பு’ என்ற நாவலை வளர்ந்த பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும். ஒரு விண்கலம் கொடூரமான கிரகம் ஒன்றில் விழுந்துவிடுகிறது, தப்பியவர்கள் கதிர்வீச்சுக்குப் பயந்து கப்பலைவிட்டு மலையைத் தாண்டி ஓடிவந்து காட்டுக்குள் குடிசை போட்டு வாழ்கிறார்கள். வருடங்கள் போகின்றன. அங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூமி என்பது பெரியவர்கள் சொல்கிற கதை. காட்டில் அவர்கள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள், ஆனால் எழுத்தும் கணக்கும் எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. இன்னும் ஒரு தலைமுறை போனால் மனிதர்கள் முழுக்கக் காட்டுவாசிகளாகிவிடுவார்கள் என்று தெரிந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக் கணவாய் வழியாகக் கப்பலுக்குத் திரும்பிப் போக முயல்கிறார்கள். நாகரிகம் எப்படி ஒவ்வொரு பிள்ளையிடமும் மறுபடி புதிதாகக் கொடுக்கப்பட வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு கதகதப்பாகவும் பயங்கரமாகவும் சொன்ன இன்னொரு சிறுவர் நாவல் எனக்குத் தெரியாது.

எழுதிய அளவு மலைக்க வைக்கிறது. அலீசா கதைகளே 50-க்கும் மேல். வெலிக்கி குஸ்ல்யார் என்ற கற்பனை ஊரைப் பற்றி, வேற்றுக்கிரகத்தார் சர்வசாதாரணமாக வந்துபோகிற ஒரு சின்ன ஊரைப் பற்றி, பல பத்துக் கதைகள். விண்வெளி மருத்துவர் பாவ்லிஷ் வரிசை தனி. மொஜெய்கோ என்ற பெயரில் பழங்கால அதிசயங்களைப் பற்றியும், 1185 என்ற ஒரே வருடத்தில் கிழக்கிலிருந்து மேற்கு வரை உலகம் எப்படி இருந்தது என்பது பற்றியும் புத்தகங்கள். பதக்கங்கள், விருதுச் சின்னங்களின் வரலாற்றிலும் அவர் தேர்ந்தவர். ஆங்கிலத்திலிருந்து அறிவியல் புனைகதைகளை மொழிபெயர்த்தும் இருக்கிறார்.

இவ்வளவு எழுதினால் எல்லாமே தரமாக இருக்காது. தொண்ணூறுகளில் வந்த அலீசா கதைகளில் பல எனக்கு மெலிந்து தெரிகின்றன. கொள்ளையர்கள் வருகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், பிடிபடுகிறார்கள், பழைய கதைகளில் இருந்த அந்த அப்பாவின் குரல் இல்லாமல் அலீசா தனியாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பத்தாண்டில் அவருடைய மனசு பெரியவர்களுக்கான இருண்ட நாவல்களில் இருந்தது, புரட்சிக் காலத்து ரஷ்யாவைத் திரும்பிப் பார்க்கிற ‘குரோனோஸ் நதி’ மாதிரி. ஆனாலும் அலீசாவை அவர் கைவிடவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், எழுதினார். 2003 செப்டம்பர் 5-ஆம் தேதி இறந்தார், அதே வருடத்தில்கூட ஓர் அலீசா கதை எழுதியிருந்தார். அவர் போய் இருபது வருடம் கழித்து, 2024-இல், அந்த ‘நூறு வருடம் முன்னோக்கி’ நாவலை ரஷ்யாவில் மறுபடி படமாக எடுத்திருக்கிறார்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: முதலில் ‘எதுவும் ஆகாத சிறுமி’ கதைக்கொத்து. சின்னச் சின்னக் கதைகள், ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ராத்திரிக்கு ஒன்றாக வாசித்துக் காட்டலாம். மிர்ரா கின்ஸ்பர்க் 1977-இலேயே இதை அமெரிக்காவில் ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறார், பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் விடாதீர்கள். அடுத்து ‘மூன்றாம் கிரகத்தின் ரகசியம்’ படம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு ‘அலீசாவின் பயணம்’. ‘குடியிருப்பு’ பன்னிரண்டு வயதுக்கு மேல். பெரியவர்களுக்கு அவருடைய சிறுகதைகள் ‘அரை வாழ்க்கை’ என்ற தொகுப்பாக, அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜனின் முன்னுரையோடு ஆங்கிலத்தில் இருக்கின்றன. ரஷ்ய மொழியிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்கத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், அந்த முதல் கதைக்கொத்தையாவது தமிழில் கொண்டுவாருங்கள், முதல் ஆளாக வாங்க நான் காத்திருக்கிறேன்.